படுக்கையில் ஒரு பூனிக் போர்

ஜூலை 19

இடது பக்கம்தான் படுக்கணும். எழுந்தால் பாத்ரூம் வரைக்கும், அவ்வளவுதான். லேப்டாப்பைச் சாய்த்து வைக்க இவர் ஒரு பலகை அடித்துக் கொடுத்திருக்கிறார்.

நான் எழுதுகிற பூனிக் போர் கேமில், ரோம் மறுபடியும் வட ஆப்பிரிக்க எதிரி கார்த்தேஜிடம் சரணடைந்துவிட்டது.

ஜூலை 20

தூக்கம் இல்லை. எழுதியாவது வைக்கிறேன்.

கார்த்தேஜ் தளபதி ஹானிபால் கி.மு. 218-ல் ஆல்ப்ஸைத் தாண்டி இறங்குகிறான். ட்ரெபியா ஆற்றங்கரையில் ஜெயிக்கிறான். மறுவருஷம் ட்ராசிமீன் ஏரி. அதற்கடுத்த வருஷம் கன்னே. இது வரைக்கும் என் கேம் வரலாற்றோடு அழகாக ஒத்துப்போகிறது. கன்னே முடிந்த அடுத்த டர்னில் ரோமின் போர்க்களைப்பு 100-ஐத் தொடுகிறது, ஏஐ சமாதானத் தூது அனுப்புகிறது, கார்த்தேஜ் வெற்றி என்று இசை வருகிறது. நான் எழுதிய விதிப்படி அது செய்வது நூற்றுக்கு நூறு நியாயம். மூன்று வருஷத்தில் மூன்று படைகளை இழந்த எந்த நாடும் அதைத்தான் செய்யும்.

ரோம் செய்யவில்லை. இன்னும் பதினாலு வருஷம் சண்டை போட்டது, 202-ல் ஸாமாவில் ஜெயிக்கும் வரை.

தம்பி போனில் சொல்கிறான்: "அக்கா, ரோமுக்கு மட்டும் சமாதானம் கிடையாதுன்னு ஒரு வரி போட்டு விட்டுடுங்க. யாரு கேக்கப் போறா?" ஐந்து நிமிஷ வேலை. போட மாட்டேன். அந்த வரியைப் போட்டால் ரோமானியர்கள் பிறவியிலேயே இரும்பு என்று சொல்வது போலாகும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்துச் சலித்த பொய் அது.

ஜூலை 21

ஒன்றும் செய்யவில்லை. ஃபேன் பார்த்தேன்.

ஜூலை 23

அம்மா வந்தாச்சு, ஊறுகாய் ஜாடியோடு. ஆடி முடிந்து ஆவணியில் வளைகாப்பு வைத்துக்கொள்ளலாம் என்று போனில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அதற்குள் என்னவெல்லாம் ஆகுமோ என்று நான் சொல்ல வாய் திறந்தால் "வாயக் கழுவு சாமி" என்கிறாள்.

திரையில் கன்னே. குதிரைப்படை பின்னால் சுற்றி வந்து மூடுவதை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த நேரத்துல எதுக்கு சாமி இந்த வெட்டுக்குத்து?"

செத்தவர்கள் எண்ணிக்கையில் எதைப் போடுவது? கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் 70,000 என்கிறார். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி 48,000-க்குச் சற்று மேல். லிவியை வைத்துப் பார்த்தேன். அப்போதும் களைப்பு 100-ஐத் தாண்டுகிறது.

ஜூலை 24

யானைத் தகராறு. தம்பி அற்புதமாக ஒரு யானை செய்து அனுப்பியிருக்கிறான். துதிக்கை ஆட்டம், காது விசிறல், எல்லாம் கச்சிதம். ஆனால் கோயில் வாசலில் நிற்கிற நம்ம ஊர் யானை. கார்த்தேஜ் போருக்குப் பழக்கியது பெரும்பாலும் வட ஆப்பிரிக்கக் காட்டு யானை. உருவத்தில் சின்னது, காது வேறு மாதிரி.

அதைவிடப் பெரிய இடி: கன்னேயில் யானையே கிடையாது. ஆல்ப்ஸ் ஏறிய 37 யானைகளில், ட்ரெபியாவுக்குப் பின் வந்த குளிரில் ஒன்று தவிர எல்லாம் போய்விட்டன. மிஞ்சிய அந்த ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் ஹானிபால் ஆர்னோ சதுப்பு நிலத்தைக் கடந்தான், கண்நோயோடு. ஒரு கண் அங்கேயே போனது. இதைச் சொன்னதும் எதிர்முனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப ட்ரெய்லர்ல எதைக் காட்டுறதுக்கா?"

ஸாமாவில் 80 யானை இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன். டெமோவில் ஸாமா வராது என்பது அவனுக்கும் தெரியும்.

ஜூலை 25

கேமை வெளியிடுகிறவர்களிடமிருந்து மெயில் வரவில்லை.

ஜூலை 27

கோதுமை. இன்றைக்கு முழுக்கக் கோதுமைதான்.

ரோமானியக் காலாள் ஒருவனுக்கு மாதப்படி, ஆட்டிக் மெடிம்னஸ் என்ற கிரேக்கத் தானிய அளவையில் மூன்றில் இரண்டு பங்கு. பாலிபியஸ் எழுதி வைத்திருக்கிறார். சுமார் 35 லிட்டர், எடை போட்டால் 27 கிலோ பக்கம். இதை முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, "ஒருத்தனுக்கா? அது ஒரு சிப்பம் அரிசியாச்சே, நம்ம வீட்டுக்கு ஒரு மாசம் வரும்" என்றாள். அவளுக்குச் சட்டென்று ஒரு மரியாதை வந்துவிட்டது அந்தப் படைமேல். "தொட்டுக்க என்ன?" என்று கேட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை. மாவரைத்து ரொட்டி, இல்லாவிட்டால் கஞ்சி.

ஆளுக்கு ஒரு சிப்பம். கன்னேயில் ரோமானியர் பக்கம் நேசநாட்டாரையும் சேர்த்துக் காலாள் மட்டும் 80,000. ஒரு நாளைக்கு 70 டன்னுக்கு மேல். குதிரைகளுக்கு வாற்கோதுமை தனி. இவ்வளவு பெரிய படை எங்கேயும் சும்மா நிற்க முடியாது. ஹானிபாலுக்கு இது தெரியும். கன்னே கோட்டையில் ரோமானியர் தானியம் சேர்த்து வைத்திருந்தார்கள், அதை முதலில் பிடித்தான். சண்டை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில் அந்தக் கிடங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

என் கேமில் கன்னே வெறும் ஒரு பச்சைக் கட்டம். கிடங்கே இல்லை.

ஜூலை 28

கிடங்கு போட்டாயிற்று. இரண்டு பேரும் அதை நோக்கித் தானாகவே நகர்கிறார்கள்! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படுத்தபடியே கத்தினேன். அம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்து, நல்ல வசவு.

ஜூலை 30

ஸ்கேன். பெரிதாக மாற்றமில்லையாம். இன்னும் படுக்கை. மாற்றமில்லை என்பது நல்லதா கெட்டதா என்று இவரைக் கேட்டால், "நல்லதுதான்" என்று மிக வேகமாகச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 2

கன்னே நடந்த தேதி. அவர்களுடைய நாட்காட்டியும் நம்முடையதும் ஒன்றல்ல, இருந்தாலும். வெளியே ஆடிக்காற்று ஜன்னலைப் போட்டு அடிக்கிறது. அன்றைக்கு வோல்டர்னஸ் என்ற காற்று ரோமானியர் முகத்தில் புழுதி வாரி அடித்தது என்கிறார் லிவி. இவரை மாடிக்கு அனுப்பிக் காற்றுச் சத்தத்தை போனில் பதிவு செய்யச் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தகரம் படபடப்பதும் சேர்ந்து வந்திருக்கிறது. அதை வெட்டவில்லை, கேடயச் சத்தத்துக்கு ஆகும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளி சாதம். நான் இருக்கிற இடத்துக்கே.

ஆகஸ்ட் 5

கன்னேக்கு அடுத்த வாரங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், சண்டையை அல்ல.

ரோமில் துக்கம் இல்லாத ஒரு பெண்கூட இல்லை. அதனால் பயிர் தேவதை சீரிஸுக்கு வருஷா வருஷம் பெண்கள் செய்யும் சடங்கு நின்றுபோகிறது. ரோமின் ஆட்சி மன்றமான செனட் உத்தரவு போடுகிறது: துக்கம் 30 நாள்தான், அதற்கு மேல் கூடாது. கைதிகளை மீட்கப் பணம் தர மாட்டோம் என்கிறார்கள். அரசே விலை கொடுத்து 8,000 அடிமைகளை வாங்கி ஆயுதம் கொடுக்கிறது. கன்னேயில் தோற்றுத் திரும்பிய தளபதி வார்ரோவுக்கு, குடியரசின் மேல் நம்பிக்கை இழக்காமல் வந்தாயே என்று நன்றி சொல்கிறார்கள்.

அங்கே கார்த்தேஜில், ஹானிபாலின் தம்பி மாகோ, செத்த ரோமானியர்களின் தங்க மோதிரங்களைச் சபை வாசலில் கொட்டுகிறான். மூன்றரை மோடியஸ் இருந்தது என்று சிலர், ஒன்றுக்கு மேல் இராது என்று லிவி. மோடியஸ் என்பது தானியம் அளக்கிற அளவை. சிப்பாயின் மாதப்படியை அளப்பதும் அதில்தான், ஏறக்குறைய நான்கு. மறுபடியும் கோதுமைக்கே வந்து நிற்கிறேன். மத்தியானம் முழுக்க வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

30 நாள். யார் எண்ணியிருப்பார்கள்?

ஆகஸ்ட் 6

நேற்று எழுதியதைப் படிக்காமல் தாண்டுகிறேன்.

ஆகஸ்ட் 8

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம், ஆனாலும்.

களைப்பு என்ற எண் ரோமுக்கு இருக்கக் கூடாது. ஊர் ஊருக்கு இருக்கணும். ரோம் தனியாகச் சண்டை போடவில்லை, இத்தாலியோடு சேர்ந்து போட்டது. கி.மு. 225 வாக்கில் ஆயுதம் தூக்கக்கூடியவர்கள் ஏழு லட்சம் காலாள், 70,000 குதிரை என்று பாலிபியஸ் தரும் கணக்கு, ரோமும் நேசநாடுகளும் சேர்ந்த கணக்கு. கன்னேக்குப் பின் கப்புவா நகரம் ஹானிபால் பக்கம் போனது, தெற்கில் பலர் போனார்கள். ஆனால் லத்தீன் குடியேற்றங்கள், அதாவது ரோம் ஆள் குடியேற்றி அமைத்த ஊர்கள், அசையவில்லை. வடக்கே எட்ரூரியா, அம்ப்ரியா பகுதிகள் அசையவில்லை. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு வருஷமும் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தது. 212-ல் களத்தில் இருபதுக்கும் மேற்பட்ட லெஜியன்கள், அதாவது ரோமானியப் படைப்பிரிவுகள்.

ஹானிபால் ஜெயிக்க வேண்டியது செனட்டை அல்ல, இந்த ஊர்களை. ஒவ்வொன்றாக. அதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குக் கோதுமை வேண்டும். ஒரு ஊரைக் காக்க நின்றால் பக்கத்து ஊர் போகும், நகர்ந்தால் இந்த ஊர் போகும். ரோமானியத் தளபதி ஃபேபியஸ் இதைத்தான் பிடித்துக்கொண்டார். 215-ல் அவர் போட்ட உத்தரவு: ஜூன் 1-க்குள் வயலில் இருக்கும் தானியமெல்லாம் கோட்டை ஊர்களுக்குள் வந்தாக வேண்டும், வராவிட்டால் நிலத்தை நானே அழிப்பேன், பண்ணைவீட்டைக் கொளுத்துவேன். சொந்த ஜனங்களிடம்! படிக்கச் சாந்தமான கிழவர் மாதிரி இருப்பார், ஆள் பயங்கரம்.

தம்பிக்கு விளக்கினேன். "அப்ப பெரிய பட்டன் எதுவும் இல்லையாக்கா, ஜெயிக்க?" இல்லை.

ஆகஸ்ட் 9

வெளியிடுகிறவர்கள் மெயில் வந்தது. "சண்டைக் காட்சிகள் இன்னும் கூடுதலாக." நாசமாய்ப் போக.

ஆகஸ்ட் 11

நிரலில் பக் (பிழை) என்று பார்த்தால் பக் இல்லை. ஸ்பெயினுக்குக் கிளம்பும் கப்பல்கள் வரிசையாக மூழ்கின. படைக்குச் சரக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரர்களுக்கு, கப்பல் போனால் நஷ்டம் அரசுடையது என்று விதி வைத்திருந்தேன். அது நிஜ ஏற்பாடுதான், கஜானா காலியாகிக் கடனுக்குச் சரக்கு வாங்கிய காலம். ஏஐ அதில் ஓட்டையைக் கண்டுபிடித்துப் பழைய கப்பல்களை அனுப்பி மூழ்கடித்துப் பணம் வாங்குகிறது. 212-ல் போஸ்டுமியஸ் என்கிற ஒப்பந்தக்காரன் மாட்டிக்கொண்டது இதே குற்றத்துக்குத்தான். ஏஐயைத் திருத்த மனசு வரவில்லை. வழக்கு நிகழ்ச்சி ஒன்று சேர்த்துவிட்டேன்.

இன்றைக்கு உதை அதிகம். எண்ணச் சொல்லியிருக்கிறார்கள், மேலே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 13

இரவு முழுக்க ஏஐயை ஏஐயோடு மோதவிட்டோம். கன்னே நடந்தது, ரோம் சரணடையவில்லை. வரி இரட்டிப்பானது. 210 பக்கம் பஞ்சம், எகிப்துக்குத் தூது போனது, நிஜத்தில் போன மாதிரியே. ஆனால் 205 வந்தும் எந்த ஊரும் முகம் சுளிக்கவில்லை. இது இன்னொரு பொய். 209-ல் முப்பது லத்தீன் குடியேற்றங்களில் பன்னிரண்டு, இனி ஆளும் இல்லை பணமும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டன. நெபெட்டே, சூட்ரியம், ஆர்டியா, காலெஸ்... ரோம் அவர்கள்மேல் படையெடுக்கக்கூட இல்லை. பேசவே இல்லை, அவ்வளவுதான். ஐந்து வருஷம் கழித்துத்தான் தண்டனை.

களைப்பு ஏறும் வேகம் போதாது. அரைப் புள்ளி கூட்டணும்.

ஆகஸ்ட் 14

அரைப் புள்ளி அதிகம், இத்தாலியே கலைந்துவிட்டது. கால் புள்ளி போட்டிருக்கிறேன்.

ஆள் தருவோம் என்று நின்ற பதினெட்டு ஊர்களையும் இன்று உள்ளே ஏற்றுகிறேன். அவர்கள் சார்பில் பேசியவன் ஃப்ரெகெல்லே ஊர்க்காரன், மார்கஸ் செக்ஸ்டிலியஸ். லிவி பதினெட்டு பெயரையும் வரிசையாகச் சொல்கிறார், இத்தனை காலத்துக்குப் பிறகும் அவர்களுக்குச் சேர வேண்டிய புகழ் விட்டுப்போகக் கூடாதென்று. நானும் அதே வரிசையில்: சிக்னியா, நோர்பா, சாட்டிகுலா, ஃப்ரெகெல்லே, லூசீரியா, வெனூசியா, ப்ருண்டிசியம், ஹாட்ரியா, ஃபிர்மம், அரிமினம்

உடனே கிளம்பி வரச் சொல்கிறார்களாம், வண்டி வந்தாச்சு. மீதி எட்டு