ஐந்து பேருக்கு மரக்கறிச் சாப்பாடு: பன்னிரண்டாம் கிழமைக் குறிப்பு

யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசுவாமி கோவிலில் திருவிழாக் கொடி ஏறினால் எங்கள் வீட்டில் மீன் சட்டி மேல் தட்டுக்குப் போய்விடும். 25 நாளும் சைவம். மாமி பிறந்ததிலிருந்தே சைவம், மற்ற நான்கு பேரும் மச்சம் சாப்பிடுகிறவர்கள். இந்த முறை தீர்த்தம் முடிந்த பிறகும் கிழமையில் ஐந்து நாள் மரக்கறியோடேயே இருந்து பார்ப்போம் என்று இவரும் நானும் முடிவெடுத்தோம். இவருக்குச் சீனி வருத்தம் தொடங்கியிருக்கிறது, மீன் விற்கிற விலையும் தெரிந்ததுதானே.

முதல் மூன்று கிழமையும் ஒரே பிழையைத்தான் செய்தேன். காலையில் எழும்பினால் முதல் யோசனை, இண்டைக்கு என்ன காய் வாங்குவது என்பதுதான். கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், உருளைக்கிழங்குப் பிரட்டல், சொதி என்று கோப்பை நிறையும், காசும் கரையும், ஆனால் நாலு மணிக்கே பிள்ளைகள் பசி என்று வந்து நிற்பார்கள். ஒரு கிழமைச் சாப்பாட்டை இருந்து எழுதிப் பார்த்தேன். ஐந்து நாளில் மூன்று நாள் பருப்போ பயறோ எதுவுமே இல்லை. சோறு, கிழங்கு, தேங்காய்ப்பால், அவ்வளவுதான்.

அதன் பிறகு காயைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். ஞாயிறு இரவே ஐந்து நாளுக்கும் உரிய ஐந்தை எழுதிவிடுவேன். பருப்பு, பயறு, கௌபி, கடலை, சோயாமீற். அதற்கு ஏற்ற இலை எது, பிறகுதான் காய். பயறோ கௌபியோ 250 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 60 கிராம் புரதம் இருக்கும், ஆளுக்கு 12 கிராம் வரும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பயறு வகையில் நிறைய உண்டு, பயறில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொரு கூறை அரிசி ஈடு செய்யும். அதனால் சோறும் கறியும் என்ற எங்கள் சாப்பாட்டில் பருப்பு வகை விடுபடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இவருக்குச் சிவப்பரிசிச் சோறு ஒரு அகப்பை குறைத்து, கடலைக்கறியை ஒரு கரண்டி கூட்டிப் போடுகிறேன்.

இலைக்குக் காசே இல்லை. வேலியில் முருங்கை, கிணற்றடியில் வல்லாரை. முளைக்கீரையும் பொன்னாங்காணியும் மட்டும் மருதனார்மடம் சந்தையில் வாங்குகிறேன். ஒருமுறை நான்கு நாளுக்கென்று கீரையை மொத்தமாக வாங்கி, மூன்றாம் நாள் பாதியை எறிந்தேன். இப்போது கிழமைக்கு இரண்டு தரம் போகிறேன். கீரையை முதலில் நறுக்கி, பிறகு அலசப் போன என்னை மாமிதான் நிறுத்தினார். "பிள்ளை, முதல்ல கழுவு, பிறகு வெட்டு. வெட்டிப்போட்டுக் கழுவினா சத்தெல்லாம் தண்ணியோட போயிடும்."

முருங்கையிலை வறை இப்போது கைக்கு வந்துவிட்டது. கடுகு, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம் வதங்கியதும் இலையைப் போட்டு, மூடாமல் கிளறி, பச்சை நிறம் மாறுவதற்குள் தேங்காய்ப்பூவைத் தூவி இறக்க வேண்டும். தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போது விட்டால் கைக்கும், அதோடு இலையிலுள்ள இரும்பை உடம்பு எடுக்க உதவும் வைட்டமின் சியும் சூட்டில் குறைந்துவிடும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கத்தையும் ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தோம், தேயிலை அந்த இரும்பைத் தடுக்கும் என்பதால். இதுதான் இவருக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது.

குரக்கன் (கேழ்வரகு) பிட்டு முதல் தரம் சரிவரவில்லை. தனிக் குரக்கன் மாவில் குழைத்தேன், உருண்டை உருண்டையாக இறுகிவிட்டது. மகள் இரண்டு வாயோடு கோப்பையைத் தள்ளிவிட்டாள். இப்போது பாதிக்குப் பாதி வறுத்த சிவப்பரிசி மா, கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விரல் நுனியால் மட்டும் உதிர்த்துக் குழைக்கிறேன். குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறதே, விட்டுவிட மனமில்லை. வெள்ளிக்கிழமைக் காலைகளில் இப்போது மிச்சம் வருவதில்லை.

செலவில் பெரிய மாற்றம் தேங்காயில்தான். முன்பு நாளுக்கு இரண்டு, கிழமைக்கு 14. இப்போது 8. வறை இருக்கிற நாளில் பால்கறி வைப்பதில்லை. முதற்பால் சொதிக்கு மட்டும், கடைசியாகப் பிழிகிற தண்ணியான கப்பிப்பாலில் பருப்பு வேகும். பருப்புக்கறியின் ருசி குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

வைட்டமின் பி12 ஒன்றுதான் எனக்குக் கவலை. அது இலையிலோ பயறிலோ கிடைக்காது. எங்களுக்குச் சனி, ஞாயிறு மீனும் முட்டையும் உண்டு. மாமிக்குத் தினமும் பாலும் தயிரும் கொடுக்கிறேன், அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்கவும் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தக் கிழமை காய்ந்த பனங்கிழங்கு மாவில் சைவ ஒடியல் கூழ் காய்ச்சப் பார்க்கிறேன். பலாக்கொட்டை, பயத்தங்காய், மரவள்ளி, முருங்கையிலை, மீனுக்குப் பதிலாக முளைவிட்ட பயறு. மகன் இப்போதுதான் குசினிக்குள் வந்து துணியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனான். "அம்மா, இன்னும் வால் வரேல்லை. நாளைக்கு வருமோ?"