ஊதாக் கோடு

ஜனவரி 8

கண்புரை ஆபரேஷனுக்குக் கடிதம் வந்துவிட்டது. வலது கண் 22ஆம் தேதி. இடது கண் அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து. அக்காவிடம் சொல்லவில்லை. அவள் தன் ரிப்போர்ட்டுக்கே காத்துக்கிடக்கிறாள்.

ஜனவரி 11

டிராம் பிடித்து ஆம்ஸ்டர்டாம் வான்கோ மியூசியத்துக்குப் போனேன். ஆபரேஷனுக்கு முன்னால் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். வான்கோவின் கோதுமை அறுவடை. 73 செ.மீ. உயரம், 93 செ.மீ. அகலம், அவ்வளவுதான். வயல் மஞ்சள், சூரியன் மஞ்சள், வானமும் பச்சை கலந்த மஞ்சள். சாயத்தை அப்பு அப்பென்று அப்பியிருக்கிறான். அறுக்கிற ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாலைந்து இழுப்பில் ஒரு உடம்பு, கையில் அரிவாள்.

பின்னால் உள்ள மலை ஊதா என்று தம்பிக்கு எழுதியிருக்கிறான். எனக்குச் சாம்பலாகத்தான் தெரிந்தது. இன்னும் கிட்டப் போனேன். காவலுக்கு நின்ற பெண் கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னாள். சாம்பல்தான்.

ஜனவரி 12

சாம்பல்.

ஜனவரி 14

தூக்கம் வரவில்லை. 1889 செப்டம்பரில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தை மறுபடி படித்தேன். பிரான்சில் சேன்ரெமி மனநல விடுதியில் மாடி அறை, ஜன்னலில் இரும்புக் கம்பி, கீழே மதில் சூழ்ந்த வயல். ஜூன் கடைசியில் இதன் முதல் படத்தை ஆரம்பித்தான், ஜூலையில் நோய் வந்து படுத்துவிட்டான். வாரக்கணக்கில் வெளியே போகவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் திரும்ப இந்த அறுவடைக்காரன்தான். நான் பார்த்தது செப்டம்பரில் அவன் மறுபடி போட்டது. உச்சி வெயிலில் வேலையை முடிக்கப் பேய் மாதிரி மல்லாடுகிறவனிடம் சாவைப் பார்த்தேன் என்கிறான், அறுபடும் கோதுமை மனுஷ ஜாதி என்கிறான். அதோடு விட்டானா? இந்தச் சாவில் சோகமே இல்லை, பட்டப்பகலில், பொன்னாகக் கொட்டும் வெளிச்சத்தில் நடக்கிறது என்கிறான். கிட்டத்தட்டச் சிரிக்கிற மாதிரி ஒன்றைத்தான் தேடினானாம்.

சாவென்றால் கறுப்பு, இல்லாவிட்டால் நம் பக்கம் போல வெள்ளை. மஞ்சள் எங்கிருந்து வந்தது இவனுக்கு? மங்கலத்துக்குப் பூசுகிற நிறமல்லவா அது.

இன்னொன்று. கம்பிகளின் வழியாகத்தான் பார்த்தேன் என்று அவனே எழுதுகிறான். படத்தில் மதில் இருக்கிறது. கம்பி இல்லை.

ஜனவரி 17

அக்கா பேசினாள். சம்பா அறுப்பு. ஆள் கிடைக்கவில்லை, மெஷின்தான் விட்டார்களாம். "அப்பா கருக்கருவா தாவாரத்துலதான் சொருவிக் கெடக்குடி, துருப்புடிச்சு." ரிப்போர்ட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

ஜனவரி 22

முடிந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. கண் மேல் பிளாஸ்டிக் மூடி.

ஜனவரி 24

குளியலறைச் சுவர் நீலம் பாய்ந்த வெள்ளை! இடது கண்ணை மூடினால் வெள்ளை, வலதை மூடினால் டீக்கறை. மூடி, திறந்து, மூடி, திறந்து. மகள் வந்து என்னம்மா பண்ணுறே என்றாள். இத்தனை வருஷம் டீக்கறையைத்தான் வெள்ளை என்று நினைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

ஜனவரி 28

போனேன். ஊதா.

கோடு மாதிரிதான் அந்த மலை, ஆனால் அது இல்லாவிட்டால் அத்தனை மஞ்சளும் வெறும் சூடு. மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா. பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும். அறுவடைக்கு முந்தைய வருஷம், 1888 ஜூனில் ஆர்லில் போட்ட விதைப்பவன் படத்தில் மண் பூராவும் ஊதா, வானம் மஞ்சள். விதைப்புக்கு அவ்வளவு ஊதா, அறுப்புக்கு ஒரு கோடு. அறுக்கிறவன் விதைப்பவனுக்கு எதிர்ப்பக்கம் என்று அவனே சொல்கிறான்.

அதே 1888 நவம்பரில் போட்ட சின்ன விதைப்பவனும் இந்த மியூசியத்தில்தான். தலைக்குப் பின்னால் சூரியன், அப்படியே சாமி படத்து ஒளிவட்டம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, தட்டிச் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஒளிவட்டம் செய்த வேலையை இனி நிறத்தின் அதிர்வே செய்யட்டும் என்று எழுதியவன் தானே இவன். பாதிரியார் மகன், பெல்ஜியத்தில் சுரங்கத் தொழிலாளிகளிடம் பிரசங்கம் பண்ணப் போய், 1879இல் வேண்டாமென்று நிறுத்தப்பட்டவன். அறுவடைக்காரனுக்கு வட்டமும் இல்லை, முகமும் இல்லை.

வலது கண், இடது கண். ஊதா, சாம்பல். காவலுக்கு வேறு ஆள், கண்டுகொள்ளவில்லை.

ஜனவரி 29

இது வேறு கவலை. அவன் பயன்படுத்திய குரோம் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறும். எப்படி என்று 2011இல் எக்ஸ்-ரே வைத்துப் பார்த்தார்கள். அவன் படுக்கையறைப் படத்தில் வெளிர் ஊதாவாகப் பூசிய சுவர், சிவப்பு வெளுத்துப்போய் இன்று நீலம். அப்படியானால் என் புதுக்கண் பார்த்ததும் அவன் போட்ட நிறமில்லை.

பிப்ரவரி 1

அத்தான்தான் எடுத்தார். ரிப்போர்ட் வந்துவிட்டதாம். அக்கா தூங்குகிறாளாம். பகல் பதினொரு மணிக்கு அக்கா தூங்கி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 2

சோகமில்லையாம்! 36 வயதில், கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எவனோ அறுக்கிறதைப் பார்த்துவிட்டுச் சொல்வதற்கென்ன. அடுத்த ஜூலையில் தானே போய்ச் சேர்ந்தான். தியோ கிடந்து அழுதிருப்பான், அவனிடம் போய்ச் சொல்லட்டும் பொன் வெளிச்சமென்று.

பிப்ரவரி 3

அம்மாவுக்காக இந்தப் படத்தையே இன்னொரு தடவை போட ஆசைப்பட்டிருக்கிறான். எந்தப் பிள்ளை அம்மாவுக்குச் சாவை வரைந்து கொடுக்கும்? கொடுக்கலாம் போல என்றுதானே நினைத்திருக்கிறான்.

பிப்ரவரி 4

இடது கண்ணைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். டிக்கெட் போட்டாயிற்று.

பிப்ரவரி 5

அக்கா அவளாகவே கூப்பிட்டாள். கண் விஷயம் மகள் சொல்லியிருக்கிறாள். "எப்புடித் தெரியுது?" என்றாள். ஒரு கண்ணில் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றேன். "அறுப்புக்கு முந்தி வயலு இருக்குமே, அப்புடியா?" அப்படித்தான் என்றேன்.

பிப்ரவரி 6

மியூசியத்தில் வாங்கிய அட்டையைப் பெட்டியில் வைத்தேன். எடுத்துவிட்டேன். திரும்ப வைத்தேன். சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது, மறக்கக் கூடாது.