ஏர் அசால்ட் பேட்ஜ்: கால்களை விடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம்

அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, முதல் போஸ்டிங்கே ஃபோர்ட் கேம்ப்பெல் என்று வந்துவிட்டால் ஏர் அசால்ட் ஸ்கூலிலிருந்து தப்ப முடியாது. கென்டக்கியும் டென்னசியும் சேருமிடத்தில் இருக்கிறது அந்த முகாம், 101-வது ஏர்போர்ன் டிவிஷனின் வீடு. பெயரில் ஏர்போர்ன் என்று இருந்தாலும் இன்றைக்கு அவர்களுடைய வேலை பாராசூட்டில் குதிப்பது இல்லை, ஹெலிகாப்டரில் போய் இறங்குவது. அந்த வேலையைக் கற்றுத்தருவதுதான் ஸ்கூல், முடித்தால் கிடைப்பது பேட்ஜ். மார்பில் அது இல்லாத புது ஆளைப் பார்த்தால் "எப்ப ஸ்கூலுக்குப் போறே?" என்பதுதான் முதல் கேள்வி. நான் போய் முடித்துவிட்டேன். அடுத்துப் போகிற நம்ம பசங்க சிலர் விசாரித்தார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாரும் பயப்படுவது ஓட்டத்தையும் 12 மைல் நடையையும். அதற்குத் தயாராகத்தான் வேண்டும், ஆனால் நல்ல உடம்போடு வந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவதை நான் பார்த்தது ஸ்லிங் லோடு, அதாவது ஹெலிகாப்டருக்குக் கீழே தொங்கவிடும் சுமையைச் சரிபார்க்கும் பரீட்சையில்தான்.

கோர்ஸ் 10 நாள். அதற்கு முன்னால் 'ஜீரோ டே' என்று ஒரு நாள், தடைகள் தாண்டுவதும் 2 மைலை 18 நிமிடத்துக்குள் ஓடுவதும் அன்றைக்கு. தடைகளில் 'டஃப் ஒன்' என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கயிற்றில் ஏறி, மேலே பலகைகள் மேல் நடந்து, இன்னும் உயரம் ஏறி, வலையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். இதில் தவறினால் அன்றைக்கே வீடு. கையை மட்டும் நம்பிக் கயிறு ஏறுகிறவர்கள் பாதியில் தொங்கிவிடுகிறார்கள், அதனால் காலால் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் முறையை முன்கூட்டியே பழகிக்கொண்டு போங்கள். அப்புறம் ஸ்கூலுக்குள் இருக்கும்வரை இடது கால் தரையில் படும்போதெல்லாம் "ஏர் அசால்ட்!" என்று கத்த வேண்டும், தொண்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம் பெரும்பாலும் வகுப்பறைதான். எந்த ஹெலிகாப்டர் எவ்வளவு தூக்கும், காயம்பட்டவரை எடுத்துப்போக ரேடியோவில் என்ன வரிசையில் கேட்பது, விமானிக்குக் கைச் சைகை காட்டுவது எப்படி என்று எல்லாம் வரும். எழுத்துத் தேர்வில் 70 சதவீதம் வாங்க வேண்டும். இரவில் ஒழுங்காகப் படித்தால் சரி.

இரண்டாவது கட்டம் ஸ்லிங் லோடு. வண்டியோ வலையில் கட்டிய பெட்டிகளோ எதுவானாலும், ஹெலிகாப்டரின் வயிற்றுக்குக் கீழே இருக்கும் கொக்கியில் மாட்டித் தூக்கிக்கொண்டு போவதுதான் இது. பரீட்சையில் சுமையை வேண்டுமென்றே தப்பாகக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு சுமைக்கும் 2 நிமிடம், அதற்குள் நான்கு குறைகளில் மூன்றையாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். குறை என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது. உச்சியில் எல்லாக் கயிறுகளும் சேரும் அபெக்ஸ் ஃபிட்டிங்கில் ஒரு காட்டர் பின் (கழன்றுவிடாமல் தடுக்கும் சின்ன ஊசி) இல்லாமல் இருக்கும், அல்லது சங்கிலியில் மாட்ட வேண்டிய கண்ணிக்குப் பதிலாக அதற்குப் பக்கத்துக் கண்ணி மாட்டியிருக்கும், அல்லது ஒரு பட்டை முறுக்கிக்கொண்டிருக்கும். வண்டி என்றால் எத்தனையாவது கண்ணி என்பதற்கு முன்பக்கச் சங்கிலிக்கு ஒரு எண், பின்பக்கத்துக்கு வேறு எண், இரண்டையும் விரலால் தொட்டு எண்ணித்தான் தீர வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே பழக்கம்: எப்போதும் ஒரே மூலையில் தொடங்கி, ஒரே பக்கமாகச் சுற்றி, கை எதைத் தொடுகிறதோ அதை வாய் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு குறை கண்ணில் பட்ட சந்தோஷத்தில் வரிசையை விட்டவர்களுக்கு அடுத்த குறை தெரியாமலே போனது. பயிற்சியாளர்கள் இதில் ஈவு இரக்கம் காட்டுவதில்லை, அது சரிதான் என்பது என் அபிப்பிராயம். சுமை ஆகாயத்தில் கன்னாபின்னாவென்று ஆடினால் ஹெலிகாப்டரைக் காப்பாற்ற விமானி அதை அறுத்துவிட வேண்டிவரும், கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அப்போது நேரம் இருக்காது.

உண்மையான பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்து நிற்க, கீழே நின்று கொக்கியில் மாட்டும் அந்த நேரத்தை என் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வேன். விசிறிக் காற்று மண்ணையும் சரளையையும் முகத்தில் அறையும், பக்கத்தில் நிற்பவர் கத்துவது காதில் விழாது. பறக்கும்போது ஹெலிகாப்டரில் மின்சாரம் ஏறியிருக்கும் என்பதால், தரையில் அடித்த கம்பியோடு இணைத்த கோலை ஒருவர் முதலில் கொக்கியில் வைத்துப் பிடிப்பார், அதற்குப் பிறகுதான் நாம் கை வைக்கலாம்.

மூன்றாவது கட்டம் ராப்பெல், அதாவது கயிற்றைப் பிடித்து உயரத்திலிருந்து இறங்குவது. இடுப்பிலும் தொடையிலும் கயிற்றால் இருக்கை கட்டிக்கொள்ள 90 விநாடி, கயிற்றில் மாட்டிக்கொள்ள 15 விநாடி. முடிச்சை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே கட்டிக் கட்டி அவிழ்த்துப் பழகுங்கள். 34 அடி கோபுரத்தில் பல தடவை இறங்கவைத்த பிறகுதான் ஹெலிகாப்டர். அதில் 70 முதல் 90 அடி உயரம், ஆனால் கோபுரத்தில் முதல் முறை பின்னால் சாய்ந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஹெலிகாப்டரில் பயப்பட நேரமே இல்லை.

கடைசி நாள் விடியும் முன்பே 12 மைல் நடை, முதுகில் ஏறத்தாழ 35 பவுண்டு, 3 மணி நேரத்துக்குள். வந்து சேர்ந்ததும் பையைக் கொட்டிப் பட்டியலில் உள்ள பொருள் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஒன்று குறைந்தாலும் நடந்தது வீண். அன்றைக்கே பேட்ஜ் குத்துகிறார்கள்.

பேட்ஜில் இருப்பது நாங்கள் பயிற்சி எடுத்த பிளாக் ஹாக் இல்லை. முன்பக்கமாகப் பார்க்கும் ஒரு ஹ்யூயி என்ற பழைய ஹெலிகாப்டர், இருபுறமும் சிறகு. 1965 நவம்பரில் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் முதல் குதிரைப்படை டிவிஷன் இறங்கியது ஹ்யூயியில்தான், இந்தப் போர்முறைக்கு முதல் பெரிய சோதனை அது. ராணுவம் முழுவதற்குமான பேட்ஜாக இதற்கு ஒப்புதல் கிடைத்தது 1978 ஜனவரியில். சீருடையில் இடது மார்பில், 'யுஎஸ் ஆர்மி' பட்டைக்கு மேலே அணிய வேண்டும்.

அணிந்த பிறகு ஒன்று மாறும். யூனிட்டில் சுமை கட்டும் வேலை வந்தால் முதலில் பேட்ஜ் உள்ளவர்களைத்தான் கூப்பிடுவார்கள், புதுப் பையன்கள் கட்டியதைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அதனால் வகுப்பில் கொடுத்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். என்னுடையது இன்னும் வேலைப் பையில் இருக்கிறது, சங்கிலி எண்களை இப்போதும் அதைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்கிறேன்.