கப்பலில் நாலு ராத்திரி: பெட்டியில் என்ன வைக்கலாம், எதை வீட்டிலேயே விடலாம்

கடைசி நாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் கப்பல் அறைக்குள் லுங்கியோடு நின்றுகொண்டிருந்தார். பேன்ட் இல்லை. பெட்டிகளை எல்லாம் முந்தைய இரவு பதினொரு மணிக்குள் அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள், நாங்களே கரையில் இறக்கிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். நானும் சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் மடித்து, அடுக்கி, பூட்டி, வராந்தாவில் தள்ளிவிட்டுத்தான் படுத்தேன். காலையில் உடுத்திக்கொள்ள ஆளுக்கு ஒரு செட் எடுத்து வைக்க வேண்டும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. எனக்கு நைட்டி, பையனுக்கு டவுசர், அவருக்கு லுங்கி. அத்தை ஒருவர்தான் வழக்கம்போலச் சேலையோடு தூங்கி எழுந்து, எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அத்தையின் இன்னொரு சேலைகூடக் கிடைக்கவில்லை, அதுவும் பெட்டிக்குள் போய்விட்டது. நைட்டிமேல் சால்வையைச் சுற்றிக்கொண்டேன். அவர் பக்கத்து அறை அரூர்க்காரரிடம் ஒரு டிராக் பேன்ட் கடன் வாங்கினார். அரூர்க்காரர் குள்ளம். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நின்ற அந்தப் பேன்ட்டோடு சிங்கப்பூர் குடிநுழைவு வரிசையில் நின்ற போட்டோ எங்கள் டீலர் வாட்ஸப் குழுவில் இன்னமும் சுற்றுகிறது.

எங்களுக்குக் காவேரிப்பட்டினத்தில் பெயின்ட், ஹார்டுவேர் கடை. விற்பனை இலக்கைத் தொட்ட டீலர்களைக் கம்பெனிச் செலவில் குடும்பத்தோடு கூட்டிப் போனார்கள். பெங்களூரில் விமானம் ஏறி சிங்கப்பூர், அங்கிருந்து கப்பலில் பினாங்கு, ஃபூகெட், திரும்பவும் சிங்கப்பூர், மொத்தம் நாலு ராத்திரி. அதற்கு முன்னால் எங்கள் நீர்ப்பயண அனுபவம் என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். திரும்பி வந்ததிலிருந்து அடுத்த பேட்சில் போகிறவர்கள் ஆளாளுக்குப் போன் செய்து "அக்கா, என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த லுங்கி விஷயம். கப்பல் பயணத்தில் உங்கள் பெட்டி உங்களிடம் இல்லாத நேரம் இரண்டு உண்டு. ஏறும் நாளில் துறைமுகக் கட்டடத்திலேயே பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மதியம் ஏறிய எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வந்தது. இறங்கும் நாளில் முந்தைய இரவே போய்விடும். இந்த இரண்டு இடைவெளிக்கும் சேர்த்து ஒரு தோள்பை போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், மாத்திரைகள் (சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பெட்டியில் போடவே போடாதீர்கள்), சார்ஜர், கண்ணாடி, ஆளுக்கு ஒரு செட் துணி, குழந்தைகளுக்கு நீச்சல் உடை. நீச்சல் உடையைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முதல் நாள் மதியம் எல்லாரும் சாப்பாட்டு மாடியில் மொய்த்துக்கொண்டிருப்பார்கள், நீச்சல் குளம் காலியாகக் கிடக்கும். காட்டன் டீ சர்ட்டோடு இறங்கப் போன எங்கள் பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நைலான் உடை பெட்டிக்குள்ளே, பெட்டி எங்கேயோ. அழுகை. இறங்கும்போது எல்லாப் பெட்டியையும் நாமே தள்ளிக்கொண்டு போகிறோம் என்று சொன்னால் பல கப்பல்களில் விடுகிறார்கள். வயதானவர்கள் இல்லாத குடும்பம் என்றால் அதுதான் நிம்மதி.

பெட்டிக்கு அடையாளம் வேண்டும். எங்களுக்குக் கம்பெனியே ஆளுக்கொரு நீல நிற டிராலி பையைப் பரிசாகக் கொடுத்திருந்தது. யோசித்துப் பாருங்கள், ஒரே மாதிரி நீலப் பைகள் அத்தனையும் ஒரே கப்பலில். அத்தை தன் பழைய சுங்குடிச் சேலையின் ஓரத்தைக் கிழித்து நாலு பைக்கும் கைப்பிடியில் முடிந்துவிட்டார். மற்றவர்கள் பை பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் மட்டும் நேராகப் போய் எடுத்தோம். அறை எண் போட்ட காகித அட்டையை வீட்டிலேயே அச்செடுத்து, மேலே செலோடேப் ஒட்டிப் பின் அடியுங்கள், வெறும் காகிதம் கிழிந்துவிடும்.

கப்பலுக்குள் விடாத பொருட்கள்: இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், மின்சார அடுப்பு எதுவானாலும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. தீப்பிடிக்க வழியுள்ள பொருள் கூடாது. கடலில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவது, அதனால் இதில் கெஞ்சிப் பயனில்லை. எங்கள் கெட்டிலை எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து, ரசீது கொடுத்து, இறங்கும் நாளில் திருப்பித் தந்தார்கள். கெட்டிலை நம்பி ரெண்டு கிலோ ராகி மாவு கொண்டுவந்திருந்த அத்தைக்கு அன்று முகமே சரியில்லை. அறையில் பிளக் பாயின்ட் ரொம்பக் குறைவு, அதுவும் மேசைக்கு மேல்தான் இருக்கும். நாலு யுஎஸ்பி துளை உள்ள சார்ஜர் ஒன்றும், இரண்டு உருண்டைக் கம்பி பொருந்துகிற அடாப்டர் ஒன்றும் போதும்.

அப்புறம் சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு முக்கியமான ஒன்று. கசகசா! அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் தடுப்புத் துறை சம்பந்தப்பட்ட விஷயம். நம் வீட்டு மசாலாப் பொடியில் கசகசா அரைத்துச் சேர்த்திருந்தால் அந்தப் பொடியைக் கொண்டுபோகவே வேண்டாம், விளையாட்டில்லை. துபாய்ப் பக்கம் கப்பல் ஏறுகிறவர்களுக்கும் இதே கதைதான். வாயில் போட்டு மெல்லும் புகையிலையும் சிங்கப்பூரில் கூடாது, சூயிங்கம்மை 1992-லிருந்தே உள்ளே கொண்டுவர விடுவதில்லை. அத்தையின் வெற்றிலைப் பையிலிருந்து புகையிலையை விமான நிலையத்துக்குப் போகும் வழியில், ஓசூர் தாண்டுவதற்குள் பேசிப் பேசி வாங்கிவிட்டேன். நாலு நாளும் கிராம்பை மென்றே சமாளித்தார், ஆனால் என்னிடம் பேச்சு கொஞ்சம் குறைந்துதான் இருந்தது.

விசாவும் பாருங்கள். கப்பல் ஏறினால் சிங்கப்பூரை விட்டு வெளியே போய் மறுபடி நுழைகிறோம் என்று கணக்கு. அதனால் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்புவது இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். அதைத் திரும்பி நுழையும்போது இன்னொரு தடவை நிரப்ப வேண்டும்.

இனி துணி. பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான், நான் அதிகம் சொதப்பியதும் இதில்தான். நாலு நாளைக்கு வேளைக்கொன்று என்று கணக்குப் போட்டு எனக்கு மட்டும் பன்னிரண்டு செட் எடுத்துப் போனேன். அறை எப்படி இருக்கும் என்று தெரியாமல் செய்த வேலை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும். காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம், துணிக்கென்று ஒரு ஒல்லி அலமாரி, அவ்வளவுதான். ஆளுக்கு ஐந்து செட் தாராளம். ராத்திரி உள்ளாடை, டீ சர்ட், லெக்கின்ஸ் மாதிரி சின்னத் துணிகளை அலசிப் போட்டுவிட்டால் போதும்.

நாங்கள் போன கப்பலில் நாமே துவைத்துக்கொள்ள மெஷின் இல்லை. சில கப்பல்களில் உண்டு, ஏறுவதற்கு முன்பே விசாரியுங்கள். சலவைக்குக் கொடுக்கலாம், ஒரு சட்டைக்கு அவர்கள் கேட்கிற டாலருக்கு நம் ஊரில் ஒரு மூட்டைத் துணியை இஸ்திரி போட்டு வாங்கிவிடலாம். நடுவில் ஒரு நாள் "ஒரு பை நிறைய எவ்வளவு திணித்தாலும் ஒரே விலை" என்று சீட்டு வைப்பதும் உண்டு. நீண்ட பயணம் போகிறவர்களுக்கு அது லாபம்.

கையால் அலசினால் காய்வதுதான் பிரச்சினை. குளியலறையில் இழுத்துக் கட்டுகிற சின்னக் கொடி ஒன்று இருக்கும், ஆனால் அங்கே எந்நேரமும் ஈரம், காலையிலும் துணி சொட்டச் சொட்டத்தான் தொங்கும். பால்கனியில் போடக் கூடாது, காற்றில் பறந்துவிடும், திட்டும் விழும். ரெண்டாம் நாள் கண்டுபிடித்த வழி இது. துணியை நன்றாகப் பிழியுங்கள், அறையில் இருக்கும் பெரிய டவலை விரித்து அதன்மேல் பரப்புங்கள், பாய் சுருட்டுவதுபோலச் சேர்த்துச் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதியுங்கள். ஈரம் முக்கால்வாசி டவலுக்குப் போய்விடும், டவலை அவர்களே மாற்றித் தருகிறார்கள். பிறகு துணியைக் குளியலறையில் போடாமல் அறைக்குள்ளேயே ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுங்கள், விடிவதற்குள் காய்ந்துவிடும். எங்கே மாட்டுவது? கப்பல் அறைச் சுவரெல்லாம் இரும்புத் தகடு. காந்தம் வைத்த கொக்கி நாலு எங்கள் கடையிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். அலமாரிக் கதவும் இரும்பு என்று நினைத்து வைத்தால் விழுந்தது, சுவரில் வைத்தால் பச்சென்று பிடித்துக்கொண்டது. ஈரத்துணி, தொப்பி, அறைச் சாவி அட்டை எல்லாம் அதில்தான். பையனின் பள்ளி அடையாள அட்டைக் கயிற்றில் சாவி அட்டையைக் கோத்து மாட்டிவிட்டோம், ஒரு தடவைகூடத் தொலையவில்லை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், காயாது. மெல்லிய ஈரோட்டுத் துண்டு ரெண்டு வையுங்கள்.

ஒரு ராத்திரி எல்லாரும் அலங்காரமாக வரவேண்டிய விருந்து உண்டு. பட்டுச்சேலைதான் கட்டினேன், வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மடிப்பு நீங்க, சுடுதண்ணீரில் குளித்த கையோடு சேலையைக் குளியலறையில் தண்ணீர் தெறிக்காத இடமாகக் கால் மணி நேரம் மாட்டி வைத்தால் ஓரளவு சரியாகிவிடும். சாப்பாட்டுக்கூடத்திலும் நாடக அரங்கிலும் ஏசி மார்கழிக் குளிர். வயதானவர்களுக்கு ஸ்வெட்டர், சால்வை கட்டாயம்.

சாப்பாடு. பயப்படாதீர்கள், பட்டினி கிடக்க வழியே இல்லை. பஃபேயில் ஒரு மூலையில் பருப்பு, சப்பாத்தி, ஏதோ ஒரு பன்னீர் எப்போதும் இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் அந்தப் பன்னீரைக் கண்டாலே ஓடத் தோன்றும். அங்கே நான் பிழைத்தது வெறும் சோறும் தயிரும் வைத்துத்தான். சர்க்கரை போடாத தயிர் காலைச் சாப்பாட்டு வரிசையில் இருக்கும், சோறு மதியம்தான் வரும், தயிரைக் கேட்டால் மதியமும் தருகிறார்கள். கூடவே வீட்டிலிருந்து சின்ன ஊறுகாய்ப் பாக்கெட், கடையில் வாங்கிய பருப்புப் பொடி. மூடி முத்திரையிட்ட உலர்ந்த பாக்கெட்டுகளை யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் செய்த புளிசோறு, சட்னி வகையறா வேண்டாம், எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஊறுகாயை விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். பவர்பேங்க் மட்டும் நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பச்சையாக இருக்கிறதே என்று சீனக் கீரைப் பொரியலை எடுக்காதீர்கள், சிப்பியில் செய்த சாஸ் ஊற்றியிருப்பார்கள். தாய்லாந்து வகையில் மீன் சாஸ். ஜெல்லியும் சந்தேகம்தான். பஃபேயைவிட மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் கூடம் இதற்கு நல்லது. தினமும் ராத்திரி அதே மேசை, அதே பரிமாறுபவர். முதல் நாளே "எங்களுக்கு முட்டைகூட வேண்டாம், காரம் வேண்டும்" என்று சொல்லிவிட்டோம், மறுநாளிலிருந்து தனியாகச் சமைத்து வந்தது. முன்பதிவின்போதே சொன்னால் ஜெயின் சாப்பாடுகூடச் செய்து தருகிறார்கள். டீக்குப் பால் குளிர்ந்ததாக வரும், சூடான பால் தனியாகக் கேளுங்கள். மாம்பழப் புட்டிங் ஒன்று வைத்திருந்தார்கள், டப்பா மாம்பழக் கூழின் வாசனை அப்படியே அடித்தது. கிருஷ்ணகிரிக் கூழ் வெளிநாடு வெளிநாடாகப் போகிறதே, அதுவும் நம் ஊர் டப்பாவாகக்கூட இருந்திருக்கலாம். மல்கோவா ரெண்டு கொண்டுபோகலாமா என்று கேட்காதீர்கள். பழம் கூடாது. கப்பலிலிருந்து ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு பினாங்கில் இறங்குவதும் கூடாது. தண்ணீர் பாட்டில் காசுக்குத்தான், பஃபேயில் வருகிற தண்ணீர் இலவசம், காலி எவர்சில்வர் பாட்டில் ஒன்று கொண்டுபோங்கள்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவுகிற வாந்திபேதிக் கிருமியான நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். மலாக்கா நீரிணை வரைக்கும் ஆட்டமே தெரியவில்லை. ஃபூகெட் பக்கம் கொஞ்சம் ஆடியது. தலைசுற்றல் வருகிறவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள், மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்னமே வாங்கிக்கொள்ளுங்கள். ஃபூகெட்டில் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டுச் சின்னப் படகில்தான் கரைக்குக் கொண்டுபோனார்கள். எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தார். "பரிசல் இதைவிடச் சுத்தும்" என்றார். அதுதான் கிராம்புக்கு அப்புறம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசிய முதல் பேச்சு.

கப்பல் ஏறியதும் போனை ஃபிளைட் மோடுக்கு மாற்றிவிடுங்கள், நடுக்கடல் ரோமிங் பில் ஒன்று எங்கள் குழுவிலேயே ஒருவருக்கு வந்தது, தொகையைச் சொல்ல மாட்டேன் என்கிறார். அந்தக் காந்தக் கொக்கி இப்போது எங்கள் வீட்டு பீரோவில் ஒட்டியிருக்கிறது. அடுத்த மாதம் போகிறவர்கள் கடைக்கு வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றுதான் இருக்கிறது, ஒன்றைக் கப்பல் சுவரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.