எழுதாமல் விட்ட பெயர்

தீ அறிக்கைப் படிவத்தில் இடம், நாள், எரிந்த பரப்பு, அணைத்த நேரம் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, தீ மூண்ட காரணத்தையும் மூட்டியவர் பெயரையும் கேட்கும் ஒரு கட்டம் வரும். கிராமங்களில் தீத்தடுப்புப் பணி செய்த எவரும் அந்தக் கட்டத்தை அறிவார்கள். பெரும்பாலோர் அதில் ‘தெரியவில்லை’ என்றே எழுதியிருப்பார்கள். பர்மாவின் மோன் மாநிலத்து முடோனுக்குத் தெற்கே, ரப்பர்த் தோட்டங்கள் காப்புக்காட்டின் எல்லையை முட்டி நிற்கும் சரிவில், 2019-ஆம் ஆண்டு பங்குனியில் மூண்ட தீக்கு நானும் அப்படித்தான் எழுதினேன். மூட்டியவர் யாரென்று எனக்குத் தெரியும். அவரே வந்து சொன்னார். சொன்னதோடு நில்லாமல், தம் பெயரை எழுதும்படி என்னை வற்புறுத்தினார்.

தீ அடங்கிய மறுநாள், ஊர்க்குழு கூடுவதற்கு முன்பாகவே அவர் வந்துவிட்டார். நான் மாமா என்று அழைக்கும் பெரியவர். ஊரில் பலருக்கும் அவர் மாமாதான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நாந்தான் தம்பி வச்சேன். எழுதிக்குங்க.”

“எழுதினா இந்தத் தாள் காட்டு இலாகாவுக்குப் போகும், மாமா. தீ காப்புக்காட்டுக்குள்ள ஏறியிருக்கு. உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க.”

“கூப்பிடட்டும். எழுதலன்னா அந்தப் பொண்ணுக்கு நான் எந்தக் கணக்குல கட்டுறது?”

அவர் சொன்ன பெண்ணின் தோட்டம் அவருடையதற்கு மேலே இருந்தது. கணவர் தாய்லாந்தில் வேலை செய்து அனுப்பிய பணத்தில் நட்ட ரப்பர்க் கன்றுகள், மூன்றாம் ஆண்டில் நின்றவை, அன்று கருகிவிட்டன. பால் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும் பயிரில் மூன்று ஆண்டுகள் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத் தோட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்க்குழு தானே வகுத்த விதி ஒன்று இருந்தது: தீ வைத்தவர் தெரிந்தால் அவர் கன்றுக்குக் கன்று ஈடு தர வேண்டும், தெரியாவிட்டால் ஈடு கிடையாது. பெரியவர் அந்த விதிக்குக் கட்டுப்படத்தான் வந்திருந்தார். அவர் கேட்டது மன்னிப்பாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் எழுதவில்லை. “யோசிச்சுச் சொல்றேன், மாமா” என்று அனுப்பிவிட்டு, குழுவின் முன் காரணம் தெரியவில்லை என்று சொன்னேன். என்னை மீறி அவரே எழுந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. படிப்பும் பதவியும் உள்ளவன் ஒரு வழி காட்டிய பிறகு அதை ஊர் முன்னிலையில் மறுப்பது மரியாதையாகாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

என் பக்கத்து நியாயம் வலுவானது என்று இன்றும் நம்புகிறேன். புதிய வனச்சட்டம் 2018-இல் வந்திருந்தது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது பழைய சட்டத்திலும் குற்றந்தான். ஆனால் புதிய சட்டம் என்ற பேச்சே ஊரில் ஓர் அச்சத்தைப் பரப்பியிருந்தது. குடியுரிமைத் தாள் விஷயத்தில் பர்மாத் தமிழர்களான நம்மவர்களில் பலருக்கும் இருக்கும் சிக்கல் அவருக்கும் இருந்தது. அப்படிப்பட்ட ஒருவர் அரசு அலுவலகத்தில் கைகட்டி நிற்கும்போது, கேள்வி தீயோடு நின்றுவிடும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. அதோடு, ஒரு பெயர் என் வழியாக வெளியே போய்விட்டால், அடுத்த தீயின்போது ஒருவரும் என்னிடம் உண்மை பேச மாட்டார்கள். மூட்டியவரே முதலில் ஓடிவந்து ஆள் திரட்டும் வழக்கமும் நின்றுபோகும். நகரத்துத் தீயணைப்பு வண்டி அந்தச் சரிவில் ஏறாது. ஈரச் சாக்கும் பச்சைக் கிளையும் மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானும் கொண்டு ஊரார் அணைத்தால்தான் உண்டு. அவர்கள் வருவது நம்பிக்கையால்.

இவ்வளவும் சரிதான். ஆனால், அந்தத் தீ எப்படி மூண்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் இந்த நியாயம் தளர்கிறது.

மோன் கரையோரத்தில் ஆண்டுக்கு நாலாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த மழையில் புதரும் கூரை வேய அறுக்கும் தெக்கேப் புல்லும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, மழை ஓய்ந்த பிறகு வரும் நீண்ட வறட்சியில் காய்ந்து நிற்கும். தையிலும் மாசியிலும் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். தோட்டம் முழுவதும் சருகு மெத்தையாகிவிடும். ரப்பரின் பட்டை மெல்லியது. முழங்கால் உயரத் தீ கடந்து போனாலும், மரம் நின்ற நிலையிலேயே அடிப்பட்டை வெந்து, பால் சுரப்பது கெட்டுவிடும். ஆகவே விவரமறிந்த தோட்டக்காரர்கள் தை பிறந்ததும் எல்லையோரத்தில் நிலத்தை ஒரு கீற்றாகச் செதுக்கி, அங்குள்ள சருகை மாலை வேளையில், காற்று அடங்கிய நேரம் பார்த்து, மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கித் தாங்களே எரித்துவிடுவார்கள். பள்ளத்தில் வைத்தால் தீ மேடேறும்; ஏறும் தீ தன் வெப்பத்தாலேயே முன்னாலுள்ள புல்லைக் காய்ச்சிக்கொண்டு விரைகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று எங்கள் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். பெரியவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்த ஆண்டு, நான் வேலை செய்த தீத்தடுப்புத் திட்டம், கோடை முடியும் வரை எவரும் எந்தத் தீயும் மூட்டக்கூடாது என்று அறிவித்திருந்தது. எரிப்பதற்குப் பதிலாகக் கூலியாட்களைக் கொண்டு எல்லைகளைச் செதுக்கித் தருவோம் என்று வாக்களித்தோம். நிதி தாமதமாக வந்தது. செதுக்கும் வேலை அவருடைய எல்லையை எட்டவேயில்லை. அவர் தையில் எரிக்காமல் காத்திருந்தார். மாசியிலும் காத்திருந்தார். பங்குனியில், சருகு மேலும் குவிந்து, வெளியிலிருந்து ஒரு பொறி வந்தாலும் தோட்டம் போய்விடும் என்ற நிலையில், தாம் அறிந்த முறைப்படியே மாலையில் மேட்டிலிருந்து எரித்தார். எல்லாம் ஒழுங்காக முடிந்து வீட்டுக்குப் போனார். பட்டுப்போன மூங்கில் தூர் ஒன்றில் கனன்றுகொண்டிருந்த கங்கு மறுநாள் நண்பகல் காற்றில் கிளம்பி, அந்தப் பெண்ணின் தோட்டத்தைத் தின்று, காப்புக்காட்டுக்குள் ஏறியது.

அப்படியானால் காரணம் என்ற கட்டத்தில் நேர்மையாக எழுத வேண்டியது என்ன? அவருடைய கை தீ மூட்டியது உண்மை. தையில் மூட்ட வேண்டியதைப் பங்குனிக்குத் தள்ளியது எங்கள் தடை என்பதும் உண்மை. நான் ‘தெரியவில்லை’ என்று எழுதியபோது இரண்டும் சேர்ந்தே மறைந்தன. அவரைக் காப்பதற்காக எழுதினேன் என்றுதான் எனக்கு நினைவு. அதே சொல் எங்கள் திட்டத்தையும் காத்தது என்பது அந்தக் காலையில் என் மனத்தில் இருந்ததா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இருக்கவில்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும், நல்ல நோக்கத்தோடு செய்த ஒன்று நமக்கும் வசதியாக அமைந்துவிடும்போது அந்த நோக்கத்தைப் பற்றி நாம் சொல்லும் சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

பர்மாவில் இந்த விவாதம் புதிதன்று. பிரிட்டிஷ் ஆட்சியில், ஜெர்மானிய வனவியலாளர் பிராண்டிஸ் 1856-இல் பெகு தேக்குக் காடுகளின் பொறுப்பை ஏற்றார். அவர் வழிவந்த வனத்துறையில், தீயை அறவே விலக்குவதே நல்ல வனப்பணி என்ற எண்ணம் வேரூன்றியது. ஆனால் 1896-இல் ஸ்லேட் என்ற வன அதிகாரியே, பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். தீ படாத ஈரக்காடுகளில் மூங்கிலும் புதரும் அடர்ந்து தேக்குக் கன்று தலைதூக்க முடியாமல் போனதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பல தேக்குக் காடுகளில் முழுத்தடை கைவிடப்பட்டது. ரப்பரையும் தேக்கையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. தேக்கு தாங்கும் தீயை ரப்பர் தாங்காது. நான் சொல்ல வருவது வேறு. அன்று அந்த அதிகாரிகள் தடையின் விளைவை அறிக்கையில் எழுதினார்கள். எழுதியதால்தான் தடை மறுபரிசீலனைக்கு வந்தது. நான் எழுதவில்லை.

எழுதாததன் பலன் அடுத்த ஆண்டே தெரிந்தது. எங்கள் பகுதியிலிருந்து போன அறிக்கைகளில் பெரும்பாலானவை ‘தெரியவில்லை’ என்றிருந்ததால், வழிப்போக்கர்களின் கவனக்குறைவே காரணம் என்று மேலிடம் முடிவு செய்தது. நிதி அறிவிப்புப் பலகைகளுக்கும் ரோந்துக்கும் போனது. தையில் கண்காணிப்போடு எரிப்பதை அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்டபோது, அதற்கான தேவையை உங்கள் அறிக்கைகளே காட்டவில்லையே என்றார்கள். செயற்கைக்கோள் படங்களைக் காட்டினார்கள். விஐஐஆர்எஸ் என்ற கருவி 375 மீட்டர் துல்லியத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளியைப் பார்த்து யாரும் அங்கே ஒருவர் இரண்டு மாதம் காத்திருந்ததை அறிய முடியாது. அதை அறிந்திருந்தவன் நான்.

அந்தப் பெண் என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டார். “யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே, அண்ணே?” விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவருக்கு நான் செய்தது அநீதி. பெரியவருக்கு வரக்கூடிய தீங்கோடு அவருடைய இழப்பை எடைபோட்டு, அவருடையது சிறிது என்று நானே முடிவு செய்தேன், அவரைக் கேட்கவில்லை. மழை பிடித்ததும் பெரியவர் தம் நாற்றங்காலிலிருந்து ஒட்டுக்கன்றுகளைக் கொண்டுபோய் அவர் தோட்டத்தில் நட்டுக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். எரிந்த அளவுக்கு அவை இல்லை. இருந்திருந்தாலும் போன மூன்று ஆண்டுகள் திரும்பியிரா. ஊர் அதை உதவி என்று பாராட்டியது. கடனைத் தீர்க்க வந்தவரை உதவி செய்தவராக ஆக்கிவிட்டேன்; அந்தப் பாராட்டு அவரை வருத்தியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிறகு நான் ஒரு மாற்றை முன்வைத்தேன்: ஈட்டுக்கு வேண்டிய பெயர் ஊர்க்குழுவின் ஏட்டில் மட்டும் இருக்கட்டும், மேலே போகும் தாளில் பெயரில்லாமல் காரணம் மட்டும் விரிவாக எழுதப்படட்டும். சக பணியாளர் ஒருவர் கேட்டார், இலாகா அந்த ஏட்டைக் கேட்டால் கொடுக்க மாட்டோம் என்று ஊரால் சொல்ல முடியுமா என்று. முடியாது. சிறிய ஊரில் காரணத்தை விரிவாக எழுதினாலே ஆள் யாரென்று விளங்கிவிடும் என்றும் அவர் சொன்னார், அதுவும் சரி. இருந்தும் அந்த ஏற்பாட்டைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அது இருந்திருந்தால் பெரியவரின் கேள்விக்கு அன்று என்னிடம் ஒரு பதில் இருந்திருக்கும்.

இன்னொரு பங்குனியில் இன்னொருவர் இப்படி வந்து நின்றால் காரணத்தை, எங்கள் தடையையும் சேர்த்து, கட்டாயம் எழுதுவேன். பெயரை, அவரே கேட்டாலும், எழுதுவேனா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவரை அனுப்பிவிடாமல் உட்காரவைத்து, எழுதினால் அவருக்கு என்ன நேரும், எழுதாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன நேரும் என்பதை இருவரையும் வைத்துக்கொண்டு பேசுவேன் என்பது வரைதான் இப்போது என் முடிவு எட்டியிருக்கிறது.