பயாப்ஸி ரிப்போர்ட் முழுசா வரட்டும்

"எப்ப சார் கரண்ட் வைப்பீங்க?" என்று கதிர்வீச்சு சிகிச்சைக்கு உறவினர்கள் அவசரப்படுவது நியாயம்தான். ஆனால் மூக்கு, சைனஸ் புற்றுநோயில் பயாப்ஸி ரிப்போர்ட் முழுசாகக் கைக்கு வராமல் நான் பிளான் போடுவதில்லை. மூக்கடைப்பு, ரத்தக் கசிவு, ஸ்கேனில் அடைத்து நிற்கும் கட்டி என்று வெளியில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கதிர்வீச்சுக்கு எது எப்படிக் கட்டுப்படும் என்பது கட்டியின் இனத்தைப் பொறுத்தது.

அதிகம் வருவது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது உள்தோல் செல்லில் கிளம்பும் புற்று. ஆபரேஷனுக்குப் பின் 30 சிட்டிங்கில் 60 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுப்பது வழக்கம். மூக்கில் வரும் என்கே/டி செல் லிம்போமா என்ற வெள்ளையணுப் புற்றுக்கு ஆபரேஷனே வேண்டாம். 50 கிரே அளவிலேயே நன்றாகக் கரையும். பாதி சிகிச்சையிலேயே மூச்சு விட முடிகிறது என்பார்கள். கூடவே அஸ்பராஜினேஸ் என்ற மருந்து சேர்ந்த கீமோ கொடுக்காவிட்டால் வேறிடத்தில் தலைகாட்டும்.

சுரப்பியில் கிளம்பும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா வேறு ரகம். நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். "ஷேவ் பண்ணும்போது இந்தக் கன்னம் மரத்த மாதிரி இருக்கு சார்" என்றார் ஒருவர். அன்று எம்ஆர்ஐயில் கட்டியை விட்டுவிட்டு, கன்னத்து நரம்பு மண்டையோட்டின் அடியில் நுழையும் துவாரம் வரைக்கும் ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். நரம்பு தடித்திருந்தது. அந்த வழி முழுவதையும் பிளானில் சேர்த்தோம். மரத்துப்போகிறதா என்று எல்லோரிடமும் கேட்டாக வேண்டும். தானாகச் சொல்பவர்கள் குறைவு.

எனக்கு மனசு கனப்பது மியூகோசல் மெலனோமாவில்தான், அதாவது மூக்கின் உள்சவ்வில் நிறமி செல்லில் வரும் புற்றில்தான். கதிர்வீச்சு அதே இடத்தில் திரும்ப வருவதைக் குறைக்கும். ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய்விடுகிறது. 2019 முதல் சென்னையில் புரோட்டான் கதிர் சிகிச்சை இருக்கிறதே என்று கேட்பார்கள். புரோட்டான் கண் நரம்பையும் மூளையையும் காக்க உதவும். கண் நரம்புக்கு 54 கிரே சுமாரைத் தாண்டக் கூடாது என்பதால் அது பெரிய உதவிதான். மெலனோமாவின் முரட்டுக் குணத்தை அது மாற்றிவிடாது. இதை வீட்டை விற்கத் தயாராக வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மோப்ப நரம்புத் திசுவில் வரும் எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் பத்து வருஷம் கழித்தும் திரும்பலாம். "அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, இனியும் செக்கப்புக்கு வரணுமா டாக்டர்?" என்பவர்களிடம் கட்டாயம் வரணும் என்கிறேன். கழுத்து நெறிக்கட்டியிலும் திரும்பலாம் என்பதால், மூக்கைப் பார்ப்பதோடு கழுத்தையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.