காலடிப்பேட்டையில் கேட்ட கேள்வி

நேற்று சென்னையில் காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கியதும் மகள் கேட்டாள்: "யாரோட காலடிப்பா?"

1717-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கவர்னராக வந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடிவைத்த ஊர்டா இது. காலெட் பேட்டை வாயில் புழங்கிப் புழங்கி காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

நம்மூர்த் துணிக்கு லண்டனில் அவ்வளவு கிராக்கி. அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்துப் போனார்கள். 1721-ல் பெரும்பாலான பருத்தித் துணிகளை விற்கவும் உடுத்தவும் தடைச்சட்டமே வந்தது. அந்த வேலிக்குள்தான் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பருத்தித் தொழில் வளர்ந்தது.

தொழிற்புரட்சி ஏன் இங்கிலாந்தில் முதலில் வந்தது என்றால் உடனே நீராவி எந்திரத்தைச் சொல்வார்கள். எனக்குக் கூலிக்கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே கூலி அதிகம், நிலக்கரி மலிவு. 1712-ல் வந்த நியூகாமனின் நீராவி எந்திரம் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கக் கரியை வாரி வாரித் தின்றது. ஆனால் கரி சுரங்க வாசலிலேயே குவிந்து கிடந்ததால் கட்டுப்படியானது. இங்கே ராட்டையில் நூற்கும் கைக்குக் கூலி சொற்பம். எந்திரம் வாங்கி யாருக்கு என்ன மிச்சம்?

நம் நெசவாளிக்குத் திறமை போதவில்லை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. லண்டனில் சட்டம் போட்டுத் தடுத்தது இந்தக் கைகள் நெய்த துணியைத்தானே.